ஃபோம் போர்டு விமானத்தில் ஹாட் க்ளூ: எந்த மூட்டுக்குப் போதும், எதற்குப் போதாது

கேள்வி: 5 மி.மீ. ஃபோம் போர்டில் ஒரு மீட்டர் இறக்கையுள்ள ஆர்சி டிரெய்னர் (ரிமோட்டில் பறக்கவிடும் பயிற்சி விமானம்) ஒன்றைக் கட்டப் போகிறேன். வீடியோக்களில் முழு விமானத்தையும் ஹாட் க்ளூவிலேயே ஒட்டுகிறார்கள். எடை கூடிவிடும், வெயிலில் விட்டுப்போகும் என்று சொல்பவர்களும் இருக்கிறார்கள். யார் சொல்வதைக் கேட்பது?

இரண்டு பேர் சொல்வதும் சரிதான். இந்த அளவு டிரெய்னரில் பெரும்பாலான மூட்டுகளை ஹாட் க்ளூவால் தயங்காமல் ஒட்டலாம். மிச்சமுள்ள இரண்டு மூன்று இடங்களில்தான் அது காலை வாரும். எனவே ஒவ்வொரு மூட்டுக்கும் மூன்று விஷயங்களைப் பாருங்கள்: அங்கே எவ்வளவு சூடு ஏறும், விசை எந்தப் பக்கம் இழுக்கும், ஒட்டப்போகும் பரப்பு என்ன பொருள்.

க்ளூ கன்னில் போட்டு உருக்கும் குச்சியில் இருப்பது எத்திலீன் வினைல் அசிடேட், சுருக்கமாக இ.வி.ஏ. என்ற பிளாஸ்டிக். ஒட்டும் தன்மைக்கு ரெசினும், இளகி ஓடுவதற்கு மெழுகும் அதில் கலந்திருக்கும். உருகிய பசை பரப்பின் நுண்துளைகளில் புகுந்து, ஆறி இறுகுகிறது, அவ்வளவுதான். எபாக்சியில் நடப்பது போன்ற வேதிவினை இதில் கிடையாது. அதனால் எப்போது சூடு பட்டாலும் மறுபடி இளகும். முழுதாக உருகும் வரைக்கும்கூடப் போக வேண்டாம். சாதாரணக் குச்சிகளின் பிடி 60 டிகிரியை ஒட்டியே தளர ஆரம்பிக்கும். மே மாத மதியத்தில் கண்ணாடியை ஏற்றி வெயிலில் நிறுத்திய காருக்குள் அந்தச் சூடு சாதாரணமாக வரும். கறுப்பு, கருநீலம் அடித்த இறக்கையை மைதானத்தில் வெயிலில் வைத்தாலும் வரும். அதோடு, தொடர்ந்து ஒரே பக்கம் இழுத்துக்கொண்டிருக்கும் விசைக்கு இந்தப் பசை மெல்ல மெல்ல நகர்ந்து கொடுக்கும். டக்கென்று உடையாமல் நாள்போக்கில் கோணம் மாறுவதால், பார்த்தால் தெரியவும் தெரியாது.

குளிர்ந்தால் எதிர்ப்பிரச்சினை. உறைநிலைக்குக் கீழே போனால் இது இறுகி, ஒரு தட்டில் பரப்பிலிருந்து மொத்தமாகப் பெயர்ந்து வரும். கனடாவில் பனிக்காலத்தில் பறக்கவிடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். நம் ஊரில் சூடுதான் கவலை.

கன் வாங்கும்போது குச்சியின் விட்டத்தைப் பாருங்கள். 7 மி.மீ. குச்சி போடும் 20 வாட் மினி கன், 11 மி.மீ. குச்சி போடும் 40 முதல் 100 வாட் வரையுள்ள பெரிய கன் என்று இரண்டு வகை. இந்த விமானத்துக்குப் பெரியதுதான் வசதி. மினி கன்னில் 30 செ.மீ. கோடு போட்டு முடிப்பதற்குள் ஆரம்பித்த முனை ஆறிவிடும். வேகமாக அழுத்தினாலும், உள்ளே குச்சி உருகும் வேகத்துக்கு மேல் பசை வராது. ஆனால் பெரிய கன்கள் பலவற்றில் பசை 190 டிகிரிக்கு அருகில் வெளியே வரும். காகிதம் ஒட்டிய ஃபோம் போர்டு அதை ஓரளவு தாங்கும். காகிதம் இல்லாத டெப்ரான் என்ற ஃபோம் தகடும் தெர்மாகோலும் தாங்காது. இரண்டுமே பாலிஸ்டைரின், 100 டிகிரியிலேயே இளகிக் குழிவிழும். அவற்றுக்கு 120 டிகிரி அளவில் வேலை செய்யும் லோ டெம்ப் கன் வேண்டும். அது இல்லையென்றால் பசையை ஃபோமில் வைக்காமல் எதிர்த்துண்டில், அதாவது மரத்திலோ பிளைவுட்டிலோ வைத்து, நாலைந்து நொடி பொறுத்து அழுத்துங்கள். மின்விசிறி ரெகுலேட்டர், டிம்மர் எதையாவது சேர்த்துச் சூட்டைக் குறைக்கப் பார்க்காதீர்கள். பெரும்பாலான கன்களுக்குள் இருப்பது தன் சூட்டைத் தானே சமன் செய்துகொள்ளும் பி.டி.சி. ஹீட்டர், டிம்மர் வைத்தால் கன் சூடேறத் தாமதமாகுமே தவிர, எதிர்பார்க்கும் பலன் கிடைக்காது.

குச்சியிலும் தரம் உண்டு. ஸ்டேஷனரி கடையில் கிடைக்கும் மலிவான குச்சிகளில் சில சிலந்திவலை மாதிரி நூல் நூலாக இழுக்கும், ஆறிய பிறகும் ரப்பர் போல வளையும். வாங்கிய குச்சியைச் சோதிக்க எளிய வழி ஒன்று இருக்கிறது. இரண்டு ஃபோம் போர்டுத் துண்டுகளை 5 செ.மீ. நீளத்துக்கு 'எல்' வடிவில் ஒட்டுங்கள். அதில் அரை கிலோ எடையைத் தொங்கவிட்டு உச்சி வெயிலில் மொட்டை மாடியில் ஒரு மணி நேரம் வையுங்கள். மூட்டு நகர்ந்திருந்தால் அந்தக் குச்சியை அட்டை வேலைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது எடை. பலரும் பொத்தாம்பொதுவாகப் பயப்படும் விஷயம் இது, ஆனால் கணக்கு எளிது. பசையின் அடர்த்தி கிட்டத்தட்ட தண்ணீருடையதுதான்; கொஞ்சம் குறைவு. 11 மி.மீ. குச்சியில் ஒரு செ.மீ. உருகினால் சுமார் 0.9 கிராம், 20 செ.மீ. குச்சி முழுதும் போனால் 18 கிராம். 7 மி.மீ. குச்சி என்றால் செ.மீ.க்கு 0.37 கிராம். கட்ட ஆரம்பிக்கும் முன் குச்சிகளின் நீளத்தை அளந்து வைத்தால், எவ்வளவு பசை ஏறியது என்பது தராசு இல்லாமலே தெரிந்துவிடும்.

கோட்டின் தடிமன்தான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. 3 மி.மீ. தடிமனில் உருட்டாக ஒரு மீட்டர் போட்டால் 6.7 கிராம். அதையே 5 மி.மீ. தடிமனில் போட்டால் 18.7 கிராம். கண்ணுக்குச் சின்ன வித்தியாசம், எடை கிட்டத்தட்ட மூன்று மடங்கு. ஒரு டிரெய்னரில் நாலைந்து மீட்டர் மூட்டு எளிதாக வந்துவிடும். கை தாராளமானால் 30 கிராமில் முடிய வேண்டியது 80, 90 கிராமுக்குப் போகும். 550 கிராமில் பறக்க வேண்டிய விமானத்துக்கு அது பெரிய பாரம். அந்த உபரிப் பசையால் பலமும் கூடுவதில்லை. இந்த மூட்டுகளை இழுத்துப் பாருங்கள். பசை அறுவதில்லை, ஃபோம் கிழியும், அல்லது ஃபோமிலிருந்து காகிதம் உரிந்து வரும். பசைதான் அங்கே வலுவான பகுதி. அதை இன்னும் தடிமனாக்கி ஒன்றும் ஆகப்போவதில்லை.

வாலில் சேரும் பசையை இன்னும் கறாராகப் பாருங்கள். விமானத்தின் எடை சமநிலை கொள்ளும் புள்ளியான சி.ஜி.யிலிருந்து வால் 55 செ.மீ. தூரத்திலும், மூக்கில் பேட்டரி 20 செ.மீ. தூரத்திலும் இருந்தால், வாலில் ஏறும் 10 கிராமைச் சமன் செய்ய மூக்கில் 27 கிராம் சேர்க்க வேண்டும். மொத்தம் 37 கிராம் வீண். வாலின் கிடைத்தகடான ஸ்டெபிலைசரையும் நிமிர்ந்த தகடான ஃபின்னையும் ஒட்ட 2 மி.மீ. கோடு போதும், வெளியே பிதுங்கியதைச் சூடாக இருக்கும்போதே ஒரு ஃபோம் துண்டால் வழித்துவிடுங்கள்.

போர்டின் எடையையும் இதோடு பாருங்கள். ஹாட் க்ளூவும் ஃபோம் போர்டும் வைத்துக் கட்டும் முறையை உலகம் முழுக்கப் பரப்பியது அமெரிக்காவின் ஃப்ளைட் டெஸ்ட் குழு. அவர்களின் பழைய வரைபடங்கள் பெரும்பாலும் அங்கே டாலர் ட்ரீ கடைகளில் கிடைக்கும் 20க்கு 30 அங்குலப் போர்டுக்காகப் போட்டவை. அதன் எடை தாளுக்கு 115 கிராம் அளவில் இருக்கும். இங்கே பள்ளி புராஜெக்ட்டுக்கு விற்கும் போர்டுகள் பல அதைவிடக் கனம். சன்போர்டு என்று விற்கும் பி.வி.சி. தகடு அதைவிடவும் கனம், அதை இதற்குத் தொடவே வேண்டாம். போர்டிலேயே எடை கூடியிருந்தால் பசையில் இன்னும் சிக்கனம் வேண்டும்.

ஒட்டும் முறைக்கு வருவோம். கன்னை ஐந்து முதல் ஏழு நிமிடம் சூடாக விடுங்கள். டிரிகரை அழுத்தினால் பசை தடையில்லாமல் ஒழுக வேண்டும். திக்கித் திக்கி வந்தால் இன்னும் தயாராகவில்லை. பசை இல்லாமல் துண்டுகளை ஒரு முறை பொருத்திப் பார்த்து, எங்கே எது உட்காரும் என்று பென்சிலால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பசை வைத்த பிறகு கிடைப்பது 15, 20 நொடிதான், யோசிக்க அதில் இடமில்லை. நீளமான மூட்டு என்றால் 15 செ.மீ.க்கு ஒன்றாகப் பொட்டு வைத்து முதலில் நிலைநிறுத்துங்கள். நேராக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, உள்மூலையில் மெல்லிய கோடாக நிரப்புங்கள்.

ஃபோமில் பசை நினைப்பதைவிட மெதுவாக ஆறும். ஃபோம் சூட்டைக் கடத்தாததால் நடுவில் உள்ள பசை ஒரு நிமிடத்துக்கு மேலும் இளகியே இருக்கும். வெளியே தொட்டுப் பார்த்து இறுகிவிட்டது என்று கையை எடுத்தால் மூட்டு சத்தமில்லாமல் நகர்ந்துவிடும். கார்பன் ராடிலும் இரும்புக் கம்பியிலும் நேர்மாறாக நடக்கும். பசை பட்டதுமே சூட்டை அவை உறிஞ்சிவிடும். பரப்பை நனைக்கும் முன்பே இறுகி, பிறகு தோல் மாதிரி உரிந்து வரும். ராடை 180 நம்பர் உப்புத்தாளால் சொரசொரப்பாக்கி, ஹேர் டிரையரால் கை பொறுக்கும் அளவுக்குச் சூடாக்கிய பிறகு ஒட்டுங்கள்.

ஹாட் க்ளூ மற்ற எல்லாப் பசையையும் விஞ்சும் இடம் கீல். ஏலரான் (இறக்கையின் பின்விளிம்பில் அசையும் பலகை), எலிவேட்டர் (வாலில் மேலும் கீழும் அசைவது), ரடர் (வாலில் பக்கவாட்டில் அசைவது) மூன்றுக்கும் ஒரே முறை. மேல் காகிதத்தையும் ஃபோமையும் மட்டும் வெட்டி, அடிக் காகிதத்தை விட்டுவிடுங்கள். பலகையை அந்தக் கோட்டில் பின்னால் மடித்து, அசையும் பக்கத்து ஃபோம் விளிம்பை 45 டிகிரியில் சீவுங்கள். கீலை முழுதாக விரித்துப் பிடித்தபடி, காகிதம் தெரியும் அந்தப் பள்ளத்தின் அடியில் ஒரு மெல்லிய கோடு பசை விடுங்கள். உடனே ஃபோம் போர்டின் ஒரு சதுரத் துண்டை எடுத்து, அதன் மூலையால் பள்ளத்தோடு ஒரே இழுப்பில் வழித்தெடுங்கள். வந்ததில் முக்கால்வாசி துண்டோடு போய்விடும். காகிதத்தின் மேல் கண்ணாடித் தாள் மாதிரி ஒரு படலம் நிற்கும். முழுதாக ஆறும்வரை விரித்தே பிடியுங்கள். மடங்கிய நிலையில் ஆறிவிட்டால் கீல் ஒரு பக்கமாகவே இழுக்கும். பலகையை அசைக்கும் சிறு மோட்டாரான சர்வோ எந்நேரமும் அதோடு மல்லுக்கட்டும். வழிக்காமல் விட்டாலும் இதே கதிதான்: தடித்த பசை ஸ்பிரிங் போல எதிர்த்து நிற்கும். சரியாகச் செய்த கீல், வெறும் காகிதக் கீலைப் போல விரைவில் நைந்து கிழியாது.

இறக்கையில் கவனிக்க வேண்டியது முறுக்கம். நடுவில் இறக்கையின் முதுகெலும்பான ஸ்பாரை ஒட்டி, மேல் பாதியை அதன்மேல் மடித்து மூடும் இறக்கையில், கடைசி விளிம்பு ஆறும்போது எப்படி இருந்ததோ அப்படியே நிலைத்துவிடும். கண்ணாடி பதித்த மேசை அல்லது கிரானைட் மேடை போன்ற சமதளத்தில் வைத்து, மேலே புத்தகங்களை அடுக்கிப் பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். பிறகு வேரிலும் (இறக்கை உடலோடு சேரும் இடம்) முனையிலும் ஒவ்வொரு அளவுகோலை வைத்துப் பின்னாலிருந்து ஒற்றைக் கண்ணால் பாருங்கள். இரண்டு அளவுகோலும் இணையாகத் தெரிய வேண்டும். முறுக்கம் இருந்தால் பயப்பட வேண்டாம். பின்விளிம்பை ஹேர் டிரையரால் சூடாக்கினால் பசை இளகும், திருப்பி நேராக்கி ஆற விடலாம். இறுகிய எபாக்சியில் இதற்கெல்லாம் வழி கிடையாது.

இரண்டு பாதி இறக்கைகளை நடுவில் சேர்க்கும் இடத்தில் மட்டும் ஹாட் க்ளூவை நம்பி விடாதீர்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். 600 கிராம் விமானம் சட்டென்று திரும்பும்போது மூன்று ஜி, அதாவது எடையைப் போல மூன்று மடங்கு விசை, வந்தால் சுமை 1.8 கிலோ, ஒரு பாதிக்கு 0.9 கிலோ. அது வேரிலிருந்து 22 செ.மீ. தூரத்தில் செயல்படுவதாக வைத்தால், 2.5 செ.மீ. தடிமனுள்ள வேரின் அடிப்பரப்பில் 8 கிலோ இழுவிசை வருகிறது. அந்த 8 கிலோவும் மூட்டைப் பிளக்கப் பார்க்கும். எனவே 6 மி.மீ. கார்பன் குழாயோ, மடித்த ஃபோம் போர்டு ஸ்பாரோ இரண்டு பாதிக்கும் குறுக்கே குறைந்தது 15 செ.மீ. ஓட வேண்டும். இறக்கையின் அடிப்பக்கம் ஃபைபர் இழை ஓடும் டேப்பைக் குறுக்காக ஒட்டுங்கள். இழுவிசையை டேப்பும் ஸ்பாரும் தாங்கிக்கொள்ளும். துண்டுகள் நகராமல் பிடித்துவைப்பது மட்டும் பசையின் பொறுப்பு. இந்த டேப் இருந்தால் வெயிலில் பசை இளகினாலும் இறக்கை மடங்காது.

மோட்டார் மவுண்ட்தான் ஹாட் க்ளூவால் விமானங்கள் அதிகம் விழும் இடம். சூடு, அதிர்வு, இழுவிசை மூன்றும் அங்கே ஒன்றுசேர்கின்றன. 2212 அளவு மோட்டார் ஒரு பறத்தல் முடிந்ததும் 60 டிகிரியைத் தொடுவது சாதாரணம். அந்தச் சூடு ஸ்க்ரூ வழியாக மோட்டாரைத் திருகியிருக்கும் 3 மி.மீ. பிளைவுட் பலகையான ஃபயர்வாலுக்கு இறங்கி, அதன் விளிம்பில் உள்ள பசையை இளக்கும். 700 கிராமுக்கு மேல் இழுவிசை தரும் மோட்டார், சமன் செய்யாத புரொப்பெல்லர் அதிர்வோடு அதைப் பிடுங்கும். கழன்ற மோட்டார் வயரில் தொங்கிச் சுழன்று விமானத்தின் உடலான ஃபியூஸ்லாஜையே அறுத்துவிடும். இங்கே அரால்டைட் மாதிரி ஐந்து நிமிட எபாக்சியைப் போடுங்கள். ஐந்தாறு கிராமுக்கு மேல் தேவைப்படாது. ஃபயர்வாலின் ஓரத்தைச் சுற்றி 2 மி.மீ. துளைகள் போட்டால் எபாக்சி உள்ளே புகுந்து ஆணி அடித்தது போல நிற்கும். கூடவே 3 மி.மீ. மூங்கில் குச்சி இரண்டைப் பக்கவாட்டிலிருந்து ஃபயர்வாலின் முன்பக்கத்தை ஒட்டிக் குறுக்கே செருகுங்கள். பசை முழுதாக விட்டாலும் குச்சி மோட்டாரைப் பிடித்துக்கொள்ளும்.

சக்கரம் மாட்டும் லேண்டிங் கியர் கம்பிக்கும் இதே எச்சரிக்கை. கம்பியை ஒரு பிளைவுட் தகட்டில் நூலால் கட்டி எபாக்சி போட்டு, அந்தத் தகட்டை ஃபியூஸ்லாஜோடு ரப்பர் பேண்டால் பிணைப்பதுதான் நல்லது. அதிர்ச்சியை ரப்பர் வாங்கிக்கொள்ளும்.

9 கிராம் சர்வோக்களுக்கு ஹாட் க்ளூ போதும், ஆனால் சர்வோவின் உடலில் நேரடியாகப் பூசாதீர்கள். அதைச் சுற்றி ஒரு சுற்று மாஸ்கிங் டேப் ஒட்டி, அந்த டேப்பை ஃபோமோடு ஒட்டுங்கள். சர்வோவின் இரு பக்கமும் நீளும் காதுகள் இரண்டிலும் ஒரு பொட்டு வைத்தால் போதும். வெளிவரும் ஷாஃப்ட் பக்கம் ஒரு துளி பசை புகுந்தாலும் கியர் சிக்கிவிடும். சர்வோவிலிருந்து வரும் கம்பியை மாட்டும் கன்ட்ரோல் ஹார்னைப் பழைய ஏ.டி.எம். அட்டையில் வெட்டுபவர்கள், அது வழவழப்பான பிளாஸ்டிக், பசை அதில் பிடிக்காது என்பதை மறந்துவிடுகிறார்கள். ஃபோமுக்குள் புதையும் பகுதியில் மூன்று துளைகள் போட்டு, இரு பக்கமும் உப்புத்தாளால் தேய்த்த பிறகு ஒட்டுங்கள். ஒரு பக்கத்துப் பசை துளை வழியாக மறுபக்கத்துப் பசையோடு சேர்ந்துகொள்ளும். ஹார்ன் கழன்றால் எலிவேட்டர் போச்சு, விமானமும் போச்சு. இங்கே அரை நிமிடம் கூடுதலாகச் செலவழிப்பதில் தப்பில்லை.

மோட்டாரின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஈ.எஸ்.சி.யையும் லைப்போ பேட்டரியையும் ஒட்டவே கூடாது. ஈ.எஸ்.சி.க்குக் காற்று வேண்டும், பேட்டரியைக் கழற்றிப் பார்க்க வேண்டும், இரண்டுக்கும் வெல்க்ரோ.

வேறு பசைகளுக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஃபெவிக்விக் வகைப் பசை பாலிஸ்டைரின் ஃபோமைத் தின்றுவிடும். காகிதத்தின் வழியாக ஊறியும் உள்ளே குழி பறிக்கும். தின்னர் வாடை அடிக்கும் ரப்பர் பசைகளும் அப்படியே. ஃபெவிகால் காகிதத்தோடு காகிதம் ஒட்ட மிக நல்லது, எடையும் குறைவு. ஆனால் ஃபோமோடு ஃபோம் ஒட்டினால் ஈரம் வெளியேற வழியில்லாமல் நாள்கணக்கில் காயாது. பால்சா மர விமானத்தில் ஹாட் க்ளூ வேண்டாம். மூட்டு தடித்துப்போகும், உப்புத்தாள் போட்டால் தேயாமல் இழுபடும்.

கையில் பசை ஒட்டிக்கொண்டால் பிய்க்காதீர்கள், தோலும் கூடவே வரும். அப்படியே ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். இறுகிய பிறகு தானாகக் கழன்று வருவதை மட்டும் எடுங்கள்.

பழுது பார்க்கும்போது பழைய பசையின்மேல் புதிய பசையைக் கொட்டுவதுதான் எடை ஏறும் இரகசியக் கதவு. ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைச் சிரிஞ்சில் எடுத்துப் பசையின் விளிம்பில் சில சொட்டு விட்டு ஒரு நிமிடம் பொறுங்கள். பிடி விட்டு முழுத் துண்டாகக் கையோடு வரும், ஃபோமுக்கு ஒன்றும் ஆகாது. ஆல்கஹால் முழுதும் ஆவியான பிறகு புதிதாக ஒட்டுங்கள். ஈரமாக இருக்கும்போது ஒட்டினால் அந்தப் பசையும் பிடிக்காது. கன்னை அதற்கு முன் சூடேற்றிப் பக்கத்தில் வைக்காதீர்கள், அந்த ஆவி சட்டென்று தீப்பிடிக்கும்.